ஸ்பிளிட், டிவைட், செபரேட்: ‘பிரி’ என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பொட்டலத்தைப் பிரிக்கிறோம், கூரையைப் பிரிக்கிறோம், சொத்தைப் பிரிக்கிறோம், சண்டை போடுகிறவர்களைப் பிரிக்கிறோம், செய்யுளைப் பதம் பிரிக்கிறோம். தமிழுக்கு இந்த ஒரு வினையே போதும். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வேண்டும். சொல்லைச் சரியாகப் பிடித்தவர்களும் அதன் பின்னால் வரும் ‘இன்டு’, ‘பை’, ‘பிட்வீன்’ போன்ற சிறு சொற்களில் தடுக்கி விழுகிறார்கள். அங்கேதான் பொருள் தலைகீழாகும் என்பதால் கீழே அவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

டிவைட், செபரேட், ஸ்பிளிட்: மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

முட்டையை வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும். ‘செபரேட் தி எக்ஸ்’ என்று கேக் செய்முறையில் வந்தால் வெள்ளைக்கருவையும் மஞ்சள்கருவையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ‘டிவைட் தி எக்ஸ்’ என்றால் 12 முட்டையை 6, 6 ஆக இரண்டு கிண்ணத்தில் வைக்க வேண்டும். முட்டையை உடைப்பதற்கு ‘கிராக்’ அல்லது ‘பிரேக்’ என்பார்கள். அங்கே ‘ஸ்பிளிட்’ வராது.

அதாவது, முன்பே வேறு வேறாக இருந்து ஒட்டியோ கலந்தோ கிடப்பவற்றை விலக்கி வைப்பது செபரேட். அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்குவதும், மல்லுக்கட்டும் இருவரை விலக்கிவிடுவதும் இதில் சேரும். முழுதாக இருக்கும் ஒன்றைப் பங்காகவோ பகுதியாகவோ ஆக்குவது டிவைட். இதில் அளவு, கணக்கு, திட்டம் என்ற சாயல் உண்டு. ஸ்பிளிட் என்பது ஒரு கோட்டின் வழியே பிளப்பது அல்லது பிளந்துகொள்வது. விறகு, மூங்கில், தையல், கட்சி எல்லாம் ஸ்பிளிட் ஆகும். பேச்சுவழக்கில் பணத்தையும் வேலையையும் பங்கு போடுவதற்கும் ஸ்பிளிட்டே முதலில் வாயில் வரும். ‘லெட் அஸ் டிவைட் தி பில்’ என்றால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் ஓட்டல் மேசையில் ‘லெட் அஸ் ஸ்பிளிட் தி பில்’ என்பதே இயல்பு.

இறந்தகாலத்தில் ‘ஸ்பிளிட்டட்’ என்று எழுதலாமா?

கூடாது. கட், புட், ஹிட், ஷட் போல ஸ்பிளிட்டும் மூன்று வடிவத்திலும் மாறாது. ‘யெஸ்டர்டே வி ஸ்பிளிட் தி காஸ்ட்’ என்பதே சரி. ‘ஸ்பிளிட்டிங்’ என்று எழுதும்போது மட்டும் ‘டி’ எழுத்து இரண்டு முறை வரும்.

20-ஐ ‘டிவைட் பை ஹாஃப்’ செய்தால் 10 தானே?

இல்லை, 40. நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. ‘பை’ போட்டால் அடுத்து வருவது வகுக்கும் எண். பாதியால், அதாவது 1/2-ஆல் 20-ஐ வகுத்தால் 40 வரும். பாதியாக்குவதைச் சொல்ல ‘டிவைட் 20 பை 2’ அல்லது ‘டிவைட் 20 இன் ஹாஃப்’ என்று எழுத வேண்டும். மருந்தின் அளவையோ கலவை விகிதத்தையோ மின்னஞ்சலில் எழுதும்போது இதில் கவனம் தேவை. படிப்பவர் உங்கள் எண்ணத்தை ஊகிப்பாரா, எழுதியபடியே கணக்குப் போடுவாரா என்று சொல்ல முடியாது. ‘ஹாவ்’ என்று ஒலிக்கும் வினைச்சொல் ஒன்று இருக்கிறது, பாதியாக்கு என்று பொருள். ‘ஹாவ் தி டோஸ்’ என்றால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

‘டிவைட் 5 இன்டு 20’ என்பதும் இதே வகைப் பொறி. இங்கே வகுபடும் எண் 20, விடை 4. ‘20-க்குள் 5 எத்தனை முறை போகும்’ என்று நாம் கேட்பதன் ஆங்கில வடிவம் இது. ‘ஃபைவ் கோஸ் இன்டு ட்வென்டி ஃபோர் டைம்ஸ்’ என்றும் சொல்வார்கள். நம் வகுப்பறைகளில் ‘இன்டு’ என்றால் பெருக்கல் குறி என்று பழகிவிட்டதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. வெளிநாட்டுக்காரரிடம் ‘ஃபைவ் இன்டு ட்வென்டி’ என்று சொல்லிவிட்டு 100 என்ற விடையை எதிர்பார்க்காதீர்கள். பெருக்கலுக்கு அவர்களிடம் ‘டைம்ஸ்’ அல்லது ‘மல்டிப்ளைட் பை’ என்று சொல்லுங்கள்.

பொருள்களைப் பிரிக்கும்போதும் ‘இன்டு’ வரும், ஆனால் அடுத்து வருவது பகுதிகளின் எண்ணிக்கை: ‘டிவைட் தி டோ இன்டு 8 போர்ஷன்ஸ்’, அதாவது மாவை 8 உருண்டையாக்கு. பாதி என்று வரும்போது ‘கட் இட் இன் ஹாஃப்’ அல்லது ‘இன்டு ஹாவ்ஸ்’. நாம் அடிக்கடி சொல்லும் ‘கட் இன்டு ஹாஃப்’ புரியும், ஆனால் பிறந்தது முதல் ஆங்கிலம் பேசுபவர் காதில் உறுத்தும்.

இரண்டு பேர் என்றால் ‘பிட்வீன்’, மூன்று பேருக்கு மேல் ‘அமங்’. இந்த விதி சரிதானா?

பாதி சரி. இரண்டு பேருக்கு ‘பிட்வீன்’ மட்டுமே வரும். மூன்று பேர், நான்கு பேர் என்றாலும் அவர்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி அடுக்கும்போது ‘பிட்வீன்’ தவறாகாது: ‘பிட்வீன் ரவி, மீனா அண்ட் செல்வி’. ஆளைத் தனியாக அடையாளம் காட்டாமல் கூட்டமாகச் சொல்லும்போது ‘அமங்’ பொருந்தும்: ‘அமங் தி வொர்க்கர்ஸ்’. பள்ளித் தேர்வில் மட்டும் இரண்டு, மூன்று என்ற பழைய விதியையே பின்பற்றுங்கள். அங்கே விவாதிக்க வாய்ப்பில்லை.

ஸ்பிளிட்டுக்கு ‘வித்’ போடும்போதும் ஒரு சங்கதி உண்டு. ‘ஷி ஸ்பிளிட் தி மணி வித் ஹிம்’ என்றால் பணத்தை அவனோடு பங்கிட்டாள். நடுவிலிருக்கும் ‘தி மணி’ விழுந்துவிட்டால், ‘ஷி ஸ்பிளிட் வித் ஹிம்’, அவனோடு உறவை முறித்துக்கொண்டாள்.

‘ஷேர்’ என்றாலும் பங்கிடுவதுதானே?

சில இடங்களில் ஆம். ஆனால் பிரிக்காமல் சேர்ந்து அனுபவிப்பதும் ஷேர்தான். ‘தி பிரதர்ஸ் ஷேர் தி ஹவுஸ்’ என்றால் அண்ணன் தம்பி ஒரே வீட்டில் சேர்ந்து வசிக்கிறார்கள். ‘தி பிரதர்ஸ் டிவைடட் தி ஹவுஸ்’ என்றால் நடுவில் சுவர் எழும்பிவிட்டது.

வகுத்தல் கணக்கில் வரும் நான்கு பெயர்கள் என்ன?

வகுபடும் எண் ‘டிவிடெண்ட்’, வகுக்கும் எண் ‘டிவைசர்’, ஈவு ‘கோஷன்ட்’, மீதி ‘ரிமைண்டர்’. 23-ஐ 5-ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 3. எக்செல்லில் ஈவு மட்டும் வேண்டுமானால் கோஷன்ட் என்ற பெயரிலேயே ஃபார்முலா இருக்கிறது. மீதிக்கு ‘மாட்’. கட்டத்தில் ‘டிவ்’ என்ற எழுத்துகளும் பூஜ்யமும் சேர்ந்த பிழைக்குறி வந்தால், வகுக்கும் எண் பூஜ்யமாக இருக்கிறது அல்லது அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கிறது என்று பொருள். பெரும்பாலும் காலிக் கட்டம்தான் காரணம்.

கம்பெனிகள் பங்குதாரருக்குத் தரும் டிவிடெண்டும் இதே சொல்தான். தமிழில் ஈவுத்தொகை என்கிறோம். கணக்கில் டிவிடெண்ட் வகுபடும் எண், ஈவு அல்ல. மாணவர்கள் இதை மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

‘செபரேட்’ எழுத்திலும் உச்சரிப்பிலும் என்ன சிக்கல்?

எஸ், இ, பி, ஏ, ஆர், ஏ, டி, இ. ‘பி’க்குப் பிறகு வருவது ‘ஏ’. காதில் அந்த எழுத்து தெளிவாக விழாததால் ‘இ’ போட்டுவிடுகிறார்கள். உள்ளே ‘எ ரேட்’, அதாவது ஓர் எலி, ஒளிந்திருக்கிறது என்று ஆங்கிலேயப் பிள்ளைகள் நினைவில் வைப்பார்கள். ‘ஏ, ஆர், ஏ, டி’ என்ற நான்கு எழுத்தும் அப்படியே நடுவில் இருப்பதைப் பாருங்கள்.

வினையாக வரும்போது கடைசி அசை நீளும்: ‘செபரேய்ட்’. ‘தனியான’ என்ற பொருளில் அடைமொழியாக வரும்போது சுருங்கி ‘செப்ரட்’ ஆகும். ‘செப்ரட் ரூம்ஸ்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘செபரேய்ட் ரூம்ஸ்’ என்று நாம் சொல்வது வழக்கம்.

சமையல் குறிப்பில் ‘ஸ்லிட்’ என்று வருகிறது. ஸ்பிளிட்டின் அச்சுப்பிழையா?

இல்லை, அது தனிச் சொல். ‘ஸ்லிட் கிரீன் சில்லீஸ்’ என்றால் நீளவாக்கில் கீறிய பச்சை மிளகாய். காம்பும் மறுமுனையும் ஒட்டியே இருக்க வேண்டும். இரண்டு துண்டாக்கிவிட்டால் விதை முழுக்கக் குழம்பில் இறங்கிக் காரம் கூடும். முழு மிளகாயைக் கீறாமல் சூடான எண்ணெயில் போட்டால் உள்ளே ஆவி அடைபட்டு வெடிக்கும். கீறலின் வேலை அந்த ஆவிக்கு வழிவிடுவது. இறந்தகாலத்திலும் இது ‘ஸ்லிட்’தான்.

பருப்பு வகையில் ‘ஸ்பிளிட்’ என்றால் உடைத்தது என்று பொருள். ‘ஹோல்’ என்றால் முழுசு, ‘ஸ்கின்ட்’ என்றால் தோல் நீக்கியது. பொட்டலத்தில் ‘ஸ்பிளிட்’ மட்டும் இருந்து ‘ஸ்கின்ட்’ இல்லையென்றால் அது தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தாக இருக்கலாம். இட்லிக்கு வாங்குபவர்கள் பார்த்து வாங்க வேண்டும். பால் திரிந்தாலும் கிரேவியில் எண்ணெய் தனியாக விலகினாலும் ‘இட் ஹேஸ் ஸ்பிளிட்’ என்பார்கள். பாலுக்குக் ‘கர்டில்ட்’ என்ற சொல்லும் உண்டு.

வெட்டுவதற்கான சொற்களையும் இங்கேயே பார்த்துவிடலாம். ‘சாப்’ என்றால் அளவு பார்க்காமல் துண்டு போடுவது. ‘ஸ்லைஸ்’ வில்லை வில்லையாக. ‘டைஸ்’ சதுரக் கட்டிகளாக: சிறியது சுமார் 6 மி.மீ., நடுத்தரம் 12 மி.மீ., பெரியது 2 செ.மீ. ‘மின்ஸ்’ பூண்டு, இஞ்சியைப் பொடிப்பொடியாக்குவது. கறிக்கடையில் ‘மின்ஸ்’ என்றால் கொத்துக்கறி. ‘ஷ்ரெட்’ முட்டைக்கோசைச் சீவுவதற்கும் வெந்த கோழியை நார் நாராகப் பிய்ப்பதற்கும் வரும். ‘குவார்ட்டர்’ நான்காக அரிவது. (வேறொரு குவார்ட்டரைத் தமிழ்நாட்டில் விளக்க வேண்டியதில்லை.)

கிராக், டேர், பிரேக், ஸ்பிளிட்: எந்தப் பொருளுக்கு எது?

சுவரில் விரிசல் விட்டுத் துண்டு விழாமல் நின்றால் ‘கிராக்’. காகிதம், துணி, தசைநார் கிழிந்தால் ‘டேர்’, இறந்தகாலம் ‘டோர்’, அடுத்த வடிவம் ‘டோர்ன்’. இதே எழுத்துகளைக் கொண்ட கண்ணீர் ‘டியர்’ என்று ஒலிக்கும். தட்டு இரண்டானால் ‘பிரேக்’, சுக்குநூறானால் ‘ஷேட்டர்’. விறகை இழைவழி கோடரியாலோ ஆப்பு வைத்தோ பிளந்தால் ‘ஸ்பிளிட்’. இழைக்குக் குறுக்கே ரம்பத்தால் அறுத்தால் அது ‘சா’ அல்லது ‘கட்’. மூங்கிலைச் சிம்பாக்குவது ஸ்பிளிட், கணுவில் நறுக்குவது கட். சட்டை ஆணியில் மாட்டினால் டேர், குனியும்போது பேன்ட் தையல் விட்டுப்போனால் ஸ்பிளிட். முடியின் நுனி வெடிப்பது ‘ஸ்பிளிட் எண்ட்ஸ்’.

விண்ணப்பப் படிவத்தில் ‘செபரேட்டட்’, ‘டிவோர்ஸ்ட்’ இரண்டும் இருக்கின்றன. எதை நிரப்புவது?

தீர்ப்பாணை கையில் இருந்தால் மட்டும் டிவோர்ஸ்ட். தனித்தனியாக வாழ்கிறீர்கள், வழக்கு நடக்கிறது அல்லது வழக்கே போடவில்லை என்றால் சட்டப்படி இன்னும் கணவன் மனைவிதான். படிவத்தில் ‘செபரேட்டட்’ கட்டம் இருந்தால் அதை நிரப்பலாம், இல்லையென்றால் ‘மேரிட்’. இந்து திருமணச் சட்டம் 1955-இல் இரண்டும் தனிப் பிரிவுகள்: 10-ஆம் பிரிவு ‘ஜுடிஷியல் செபரேஷன்’, 13-ஆம் பிரிவு விவாகரத்து. முன்னதில் சேர்ந்து வாழும் கடமை நீங்குகிறது, திருமணம் நிற்கிறது. அதை வைத்து மறுமணம் செய்ய முடியாது.

‘ஸ்பிளிட் அப்’, ‘பிரேக் அப்’ இரண்டும் பேச்சுமொழி. காதலர்களுக்கும் தம்பதிக்கும் பொருந்தும், வழக்கு மனுவில் எழுத முடியாது.

சொத்துப் பத்திரங்களில் பார்ட்டிஷன், சப்-டிவிஷன், அன்டிவைடட் ஷேர் என்று வருகிறதே?

பார்ட்டிஷன் என்றால் கூட்டுச் சொத்தைப் பங்காளிகள் பாகப்பிரிவினை செய்துகொள்வது. அதற்கான ஆவணம் ‘பார்ட்டிஷன் டீட்’. அறையின் நடுவே வைக்கும் தடுப்பும் கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் பகுதியாக்குவதும் பார்ட்டிஷன்தான். பெரிய எழுத்தில் தொடங்கி ‘தி பார்ட்டிஷன்’ என்று எழுதினால் 1947 நாட்டுப் பிரிவினை. அதற்கு முன் 1905-இல் வங்கம் பிரிக்கப்பட்டு 1911-இல் அந்த முடிவு கைவிடப்பட்டது. அதையும் பார்ட்டிஷன் என்றே எழுதுவார்கள்.

சப்-டிவிஷன் என்றால் நிலத்தின் உட்பிரிவு. சர்வே எண் 45/2 என்பது 45/2ஏ, 45/2பி என்று ஆவது. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துவிட்டாலே உட்பிரிவு ஆகிவிடாது. நில அளவையர் அளந்து, புது எண் ஏறிய பிறகுதான் தனிப் பட்டா.

அன்டிவைடட் ஷேர், சுருக்கமாக யூ.டி.எஸ்., அடுக்குமாடி வீடு வாங்குபவருக்கு நிலத்தில் உள்ள பிரிக்கப்படாத பாகம். நிலம் 4,800 சதுர அடி (2 கிரவுண்ட்), எல்லா வீடுகளின் மொத்தப் பரப்பு 10,000 சதுர அடி, உங்கள் வீடு 1,000 சதுர அடி என்றால் உங்கள் பாகம் 480 சதுர அடி வர வேண்டும். பத்திரத்தில் இதைவிடக் குறைந்திருந்தால் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். பிரிக்கப்படாதது என்பதால் ‘இந்த மூலை என்னுடையது’ என்று வேலி போட முடியாது.

கடன் பத்திரத்தில் ‘ஜாயின்ட்லி அண்ட் செவரலி’ என்று ஒரு தொடர் வரும். ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’. இங்கே ‘செவரல்’ என்றால் ‘பல’ அல்ல, ‘தனித்தனி’. மூன்று பேர் ஜாமீன் போட்ட 6 லட்சம் கடனில் தன் பங்கு 2 லட்சம்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். வங்கி ஒருவரிடமே முழுத் தொகையையும் வசூலிக்கலாம்.

‘பைஃபர்கேஷன்’ என்று அலுவலகங்களில் எதற்கெடுத்தாலும் எழுதுகிறார்களே, சரியா?

கவட்டை போல இரண்டாகக் கிளைப்பதே பைஃபர்கேஷன். கழுத்துத் தமனி இரண்டாகக் கிளைக்கும் இடத்தை மருத்துவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். 2014 ஜூன் 2-இல் தெலங்கானா உருவானதையும், 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானதையும் அப்படிக் குறிப்பிடுவது பொருத்தம். அதே ஆண்டு வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. அது ‘ட்ரைஃபர்கேஷன்’. ‘பைஃபர்கேட்டட் இன்டு த்ரீ’ என்பது பிழை.

செலவு விவரம் கேட்டு ‘சென்ட் மி தி பைஃபர்கேஷன்’ என்று எழுதுவது இந்திய அலுவலக வழக்கம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘பிரேக்டவுன்’ என்று எழுதுங்கள். ‘சேலரி பிரேக்-அப்’ என்பதும் நம் நாட்டு வழக்குதான். அங்கே பிரேக்-அப் என்றால் காதல் முறிவே முதலில் நினைவுக்கு வரும்.

டிவிஷன் பெஞ்ச், ஸ்பிளிட் வெர்டிக்ட் என்றால்?

டிவிஷன் பெஞ்ச் என்பது உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் அமர்வு. இருவரும் வெவ்வேறு முடிவு சொன்னால் அது ஸ்பிளிட் வெர்டிக்ட், மாறுபட்ட தீர்ப்பு. தமிழக எம்.எல்.ஏ.க்கள் 18 பேர் தகுதிநீக்க வழக்கில் 2018 ஜூன் 14 அன்று இதுதான் நடந்தது. தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தகுதிநீக்கம் செல்லும் என்றார், நீதிபதி எம்.சுந்தர் செல்லாது என்றார். மூன்றாவது நீதிபதியாக எம்.சத்தியநாராயணன் விசாரித்து, அக்டோபர் 25 அன்று செல்லும் என்று தீர்ப்பளித்தார். ‘டிவைடட் வெர்டிக்ட்’ என்றாலும் புரியும், செய்தித்தாள் வழக்கு ஸ்பிளிட்தான்.

பங்குச் சந்தையில் 1:5 ஸ்பிளிட்டும் 1:5 போனஸும் ஒன்றா?

பெயர் ஒரே மாதிரி, கணக்கு வேறு. 1:5 ஸ்பிளிட் என்றால் ஒரு பங்கு ஐந்தாகிறது. முகமதிப்பு 10 ரூபாய் 2 ரூபாய் ஆகும், உங்கள் 100 பங்கு 500 ஆகும், சந்தை விலை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாக இறங்கும். 1:5 போனஸ் என்றால் கையிலுள்ள ஒவ்வொரு 5 பங்குக்கும் 1 இலவசம். 100 பங்கு 120 ஆகும், முகமதிப்பு மாறாது. கம்பெனி அறிவிப்பில் ஸ்பிளிட்டை ‘சப்-டிவிஷன் ஆஃப் ஈக்விட்டி ஷேர்ஸ்’ என்று எழுதியிருப்பார்கள். அமெரிக்கச் செய்திகளில் எண்கள் திரும்பி ‘ஃபைவ் ஃபார் ஒன்’ என்று வரும்.

‘செக்ரிகேட்’ எங்கே பயன்படுத்தலாம்?

குப்பைக்குத் தாராளமாக. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என வீட்டிலேயே தரம் பிரிப்பதை 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் ‘செக்ரிகேஷன்’ என்றே குறிப்பிட்டன. மனிதர்களுக்கு இந்தச் சொல்லைப் போட்டால் ஒதுக்கிவைத்தல் என்ற கசப்பான பொருள் வந்துவிடும். அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களைத் தனிப் பள்ளிகளில் வைத்ததற்குப் பெயரே செக்ரிகேஷன். 1954-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. ஆகவே மாணவர்களைக் குழுவாக்கியதை ‘செக்ரிகேட்டட் தி ஸ்டூடன்ட்ஸ்’ என்று அறிக்கையில் எழுதாதீர்கள். ‘க்ரூப்ட்’ அல்லது ‘டிவைடட் இன்டு க்ரூப்ஸ்’ போதும்.

‘கிளீவ்’ என்றால் பிளப்பதா, ஒட்டுவதா?

இரண்டும். பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறாக இருந்த இரு வினைகள் இன்று ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. ‘கிளீவ் டு’ என்று ‘டு’ வந்தால் இறுகப் பற்றிக்கொள்வது. அன்றாடப் பேச்சில் இரண்டுமே அரிது. பிளப்பதன் வழிவந்த சொற்கள்தான் அதிகம் புழங்குகின்றன: உதட்டுப்பிளவு ‘கிளெஃப்ட் லிப்’, அண்ணப்பிளவு ‘கிளெஃப்ட் பேலட்’, ஆடுமாட்டின் பிளந்த குளம்பு ‘குளோவன் ஹூஃப்’, கறிக்கடையின் அகலக் கத்தி ‘கிளீவர்’.

‘பார்ட் வித்’, ‘பார்ட் ஃப்ரம்’?

ஆளைப் பிரிந்தால் ‘ஃப்ரம்’. பொருளை மனமில்லாமல் விட்டுக்கொடுத்தால் ‘வித்’. தலையில் எடுக்கும் வகிடு பிரிட்டனில் ‘பார்ட்டிங்’, அமெரிக்காவில் ‘பார்ட்’.

தமிழில் ‘பிரி’ என்று வந்து ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் எதுவுமே பொருந்தாத இடம் உண்டா?

நிறைய. கடிதத்தையும் பார்சலையும் பிரிப்பது ‘ஓப்பன்’. மோட்டாரைப் பிரித்துப் போடுவது ‘டேக் அபார்ட்’ அல்லது ‘டிஸ்மேன்டில்’. கூடிய கூட்டம் பிரிந்து போவது ‘டிஸ்பர்ஸ்’. கோயில் கொடைக்கு வீடு வீடாக வரி பிரிப்பது ‘கலெக்ட்’. அங்கே டிவைட் என்று எழுதினால், வசூலான பணத்தை யாரோ பங்கு போட்டுக்கொண்டதாக ஆகிவிடும்.

‘ஸ்பிளிட் இன்ஃபினிட்டிவ்’ பிழையா?

‘டு’ என்ற சொல்லுக்கும் வினைக்கும் நடுவே ஒரு சொல்லை நுழைப்பதற்கு இந்தப் பெயர்: ‘டு கிளியர்லி எக்ஸ்ப்ளெயின்’. 19-ஆம் நூற்றாண்டில் இலக்கண ஆசிரியர்கள் கண்டித்தார்கள், இன்றைய நடைக் கையேடுகள் பொதுவாக அனுமதிக்கின்றன. சில இடங்களில் பிரிக்காவிட்டால்தான் பொருள் கெடும். ‘டு மோர் தேன் டபுள் தி சேல்ஸ்’, அதாவது விற்பனையை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்க, என்பதில் ‘மோர் தேன்’ என்பதை வேறெங்கும் நகர்த்த முடியாது. ஆனால் திருத்துபவர் பழைய பள்ளிக்காரராக இருக்கக்கூடிய தேர்வுத்தாளில் ‘டு எக்ஸ்ப்ளெயின் கிளியர்லி’ என்று எழுதிவிட்டால் மதிப்பெண்ணுக்குச் சேதம் இல்லை.